'எடுத்த போன் எங்கே?'

போன வாரம் மூணாறில், வேலைக்குப் புதிதாக வந்த தங்கை ஒருத்தி, "அண்ணா, ஆதாரம் சிக்கிருச்சு" என்று போனை நீட்டினாள். வீடியோவின் மேலே 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாஸ்வேர்டைப் பத்திரமாக வை என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். ஆதாரம் சேர்ப்பதிலும் மனு கொடுப்பதிலும் நாம் செய்யும் வேறு சில தவறுகளை நான் சொல்கிறேன்.

அசலைக் கைவிடுவது

2020 டிசம்பர், பஞ்சாயத்துத் தேர்தல். "ஓட்டு மாறுனா லயத்தைக் காலி பண்ணணும்" என்று ஒருவர் மிரட்டியதை ஒரு தம்பி போனில் எடுத்தான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. "உடனே வாட்ஸ்அப்பில் அனுப்புடா" என்றவன் நான்தான். சாயங்காலத்துக்குள் மலை முழுக்கப் பரவியது. பெருமையாகத்தான் இருந்தது. போனில் இடமில்லை என்று அவன் அசலை அழித்தான். அடுத்த வாரம் போனையே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டான். தேவிகுளத்து வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "எடுத்த போன் எங்கே?" மனு எழுதப்படவே இல்லை.

வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிக் கோப்புக்குள் பதிந்ததும் போய்விடும். நீதிமன்றத்தில் தரும் மின்னணு நகலுக்கு, எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழ் கட்டாயம் என்று அதே ஆண்டு ஜூலை 14 அன்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதுவும் தேர்தல் வழக்குதான்! ஐந்து மாதம் கழித்தும் எனக்கு அது தெரியாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு இன்னும் கறார். சான்றிதழில் இரண்டு பாகம்: ஒன்று நம் தரப்பு தருவது, மற்றது நிபுணர் தருவது. அதில் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்றால் கோப்பின் கைரேகை. ஒரு துளி மாறினாலும் ரேகை முழுக்க வேறாகிவிடும். ஃபார்வர்டு வந்ததற்கு அசலின் ரேகை எப்படி இருக்கும்?

சரி, என்ன செய்வது? அசலைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள். கேபிள் போட்டுக் கணினிக்கு நகலெடுத்து, அன்றைக்கே எஸ்எச்ஏ-256 என்ற முறையில் வரும் ஹேஷ் மதிப்பைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். அனுப்பியே தீரவேண்டுமானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். எடுத்தவரிடம் போனை விற்காதே என்று கெஞ்சுங்கள். நான் இப்போது கெஞ்சுகிறேன்.

66ஏ என்றதும் மிரள்வது

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் ஜெயில் என்ற அந்த ஐ.டி. சட்டப் பிரிவு 2015 மார்ச்சிலேயே ரத்து.

ஒருவரைக் கேட்காமல் அவர் முகத்தை வெளியே போடுவது

வேண்டாம்.

மலையாளத்தில்தான் மனு என்று நினைப்பது

காசு கொடுத்து எழுதவைத்து, படிக்கத் தெரியாத தாளில் பெரியவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. கவுண்டரில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.