கணப்பு மூட்டுவோர் செய்யும் தவறுகள்: புகைபோக்கிக்குள் தீ எப்படிப் பிடிக்கிறது?

கணப்பில் தீ கொழுந்துவிட்டு எரிந்தால் நமக்குப் பயம் வருகிறது. விறகு மெல்லப் புகைந்துகொண்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். புகைபோக்கித் தீயைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழானது. குழாய்க்குள் தீப்பிடிக்கும் பொருள் பெரும்பாலும் அடங்கிப் புகையும் தீயில்தான் உருவாகிறது. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி, இந்த ஒன்றை அறியாததால் நேர்பவை என்றே நினைக்கிறேன்.

விறகு சூடேறும்போது முதலில் அதன் ஈரம் ஆவியாகிறது. பிறகு எரியக்கூடிய வாயுக்களும் தார் கலந்த ஆவியும் வெளிவருகின்றன. தீ நல்ல சூட்டில் இருந்தால் இவை அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். சூடு போதாவிட்டால் எரியாமலே புகையாக மேலேறும். கொதிக்கும் பானையின் மூடியில் நீர் முத்து முத்தாகப் படிவதுபோல, அந்த ஆவி குளிர்ந்த குழாய்ச் சுவரில் படிந்து உறைகிறது. இந்தப் படிவுக்குக் கிரியோசோட் என்று பெயர். தொடக்கத்தில் அது வெறும் கரித்தூள். தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் மொறமொறப்பான செதில்களாக மாறும். அதையும் விட்டால் பளபளக்கும் கெட்டித் தாராகச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தூரிகையால் அதை அசைக்கக்கூட முடியாது. ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இது பற்றிக்கொள்ளக்கூடும். பற்றிய பிறகு குழாய்க்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம்.

ஆகவே முதல் தவறு, தீயை அடக்கி வைப்பது. மூடிய இரும்புக் கணப்படுப்பில் இரவு முழுவதும் விறகு தாங்க வேண்டும் என்று காற்று வழியை ஏறக்குறைய முழுதாக மூடிவிடுகிறார்கள். காற்றில்லாத தீ சுடர்விடாது, புகைந்துகொண்டே கிடக்கும். ஒரு பெரிய குவியலை அடைத்துவைத்துப் புகையவிடுவதைவிட, சிறிய தீயைச் சுடரோடு எரியவிட்டு அணையவிடுவது எவ்வளவோ மேல். வெளியே போய்ப் புகைபோக்கியின் வாயைப் பாருங்கள். தீ நன்றாகப் பிடித்த பிறகும் அடர்ந்த சாம்பல் நிறப் புகை வந்துகொண்டிருந்தால், உங்கள் விறகில் ஒரு பகுதி குழாய்க்குள் தாராகப் படிகிறது என்று பொருள்.

இரண்டாவது, பச்சை விறகு. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூட நீராக இருக்கலாம். அந்த நீரைக் கொதிக்க வைப்பதிலேயே தீயின் சூடு செலவாகிவிடுகிறது. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 6 மாதமாவது காய வேண்டும். கெட்டியான மரங்களுக்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். முழுக் கட்டையாகப் போட்டுவைத்தால் பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிளந்துதான் அடுக்க வேண்டும். தரையில் படாமல் உயர்த்தி அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் இறுகச் சுற்றுகிறவர்கள் உள்ளே ஈரத்தைச் சேமிக்கிறார்கள். காய்ந்த கட்டை கையில் இலேசாக இருக்கும், நுனியில் வெடிப்புகள் தெரியும். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பச்சைக் கட்டை மந்தமாகத்தான் ஒலிக்கும். ஈரமானி வைத்திருந்தால் கட்டையைப் புதிதாகப் பிளந்து உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்புறம் பெரும்பாலும் உள்ளதைவிடக் காய்ந்ததாகவே காட்டும்.

கணப்பைக் குப்பைத்தொட்டியாக்குவது மூன்றாவது தவறு. அட்டைப்பெட்டியும் பரிசு சுற்றிய தாளும் குப்பென்று எரிந்து, எரிகிற துண்டுகளாகவே மேலே பறக்கும். ஏற்கெனவே தார் படிந்த குழாய்க்கு அந்த ஒரு பொறி போதும். வர்ணம் பூசிய மரம், கரையான் பிடிக்காமல் மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக் ஆகியவை நச்சுப் புகையைக் கிளப்பும். மருந்தேற்றிய பழைய மரங்களில் ஆர்செனிக்கூட இருக்கலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றித் தீ மூட்டுவதை நினைக்கவே கூடாது.

“புகை நன்றாகத்தானே போகிறது, எதற்குச் சுத்தம் செய்ய வேண்டும்?” என்ற கேள்வி என்னை மிகவும் கவலைப்படுத்துவது. படிவு 3 மில்லிமீட்டர் தடித்தாலே சுத்தம் செய்துவிட வேண்டும்; அந்த அளவில் புகை போவதில் எந்தத் தடையும் தெரியாது. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) வகுத்த 211-ஆம் தரநிலை, ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சோதிக்கச் சொல்கிறது. கரியை அகற்றுவதாக விற்கும் பொடிகள் தாரைச் சற்று இளக்கலாம், ஆனால் தூரிகையின் வேலையை அவை செய்யமாட்டா. சோதனை செய்பவர் கரியோடு குழாயின் உட்பூச்சில் விரிசல் உண்டா என்றும் பார்ப்பார். பல ஆண்டுகள் வெப்பம் பட்டுப்பட்டுச் சுவரை ஒட்டிய மரச்சட்டங்கள் மெல்லக் கருகி, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். விரிசல் வழியே சூடு கசிந்தால் அவைதான் முதலில் பற்றும். நீங்களே சுத்தம் செய்வதானால் முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். புகைபோக்கித் தொழிலாளர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-லேயே எழுதிவிட்டார்.

தூங்கப் போகும்முன் சூடு வெளியேறாமல் இருக்கட்டும் என்று, புகைபோக்கியின் வழியைத் திறந்து மூட உதவும் புகைவழித் தகட்டை மூடிவிடுவதும் உயிரைப் பறிக்கும். சுடர் அணைந்த பிறகும் தணல் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, போக வழியில்லாமல் அறைக்குள் திரும்பும். தணல் முழுவதும் ஆறும்வரை தகடு திறந்தே இருக்கட்டும். படுக்கையறைக்கு அருகில் அந்த வாயுவைக் கண்டறியும் கருவியும், வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் கணப்பு மூட்டாதீர்கள்.

சாம்பலுக்கு வருவோம். நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. சாம்பலுக்குள் புதைந்த கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். அதைக் காகிதப் பையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ அள்ளி வராந்தாவில் வைப்பதும், தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இழுப்பதும் வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம். இறுகிய மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால், மரத்தரையில் படாமல் வையுங்கள்.

கணப்புக்கு முன்னால் கம்பிவலைத் திரை, ஒரு மீட்டர் தூரத்துக்குள் துணியோ நாற்காலியோ விறகுக் குவியலோ இல்லாமை, பறவை கூடு கட்டாமல் புகைபோக்கி உச்சியில் வலைமூடி ஆகியவையும் வேண்டும்.

எல்லாம் செய்தும் தீப்பிடித்துவிட்டால், பெரும்பாலும் காதுதான் முதலில் அறியும். குழாய்க்குள் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் எழும். புகைபோக்கி வாயில் பொறிகளோ சுடரோ தெரியும். உடனே எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். மூடிய கணப்படுப்பாக இருந்து, கையருகிலும் இருந்தால், கதவையும் காற்று வழியையும் அடைத்துவிட்டுப் போகலாம். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். கொதிக்கும் சுவர் சட்டெனக் குளிர்ந்து வெடிக்கும். சில தீ இரைச்சலே இல்லாமல் எரிந்து தானாக அடங்கிவிடுவதும் உண்டு. பிறகு உப்பிய தேன்கூடு போன்ற கரியும், வளைந்த உலோகமும், குழாயின் உட்புறத்திலிருந்து உதிர்ந்த ஓட்டுத் துண்டுகளும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், பயிற்சி பெற்றவர் குழாய் முழுவதையும் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை அந்தக் கணப்பில் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள்.