ராஜ்மாவைப் பாசிப்பயறு போல வேகவைக்காதீர்கள்

பயறு என்றால் எல்லாம் ஒன்றுதான், ஊறவைத்தால் போதும், முளைகட்டினால் இன்னும் நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பாசிப்பயறுக்கு அது சரி. ராஜ்மாவுக்குச் சரிவராது.

பல பயறுகளைக் கலந்து விற்கும் பாக்கெட் ஒன்றை வாங்கி முளைகட்டி, லேசாக ஆவியில் காட்டித் தாளித்து ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். அன்று மாலைக்குள் மூன்று பேருக்கு வாந்தி. அந்தக் கலவையில் சிவப்பு ராஜ்மாவும் இருந்தது. ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. பச்சையாக நாலைந்து கொட்டை வயிற்றுக்குள் போனாலே சிலருக்கு 1 முதல் 3 மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்துவிடும். முளைகட்டியதால் மட்டும் அது போய்விடாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குக்கரில் குழைய வேகவைப்பவர்களுக்குப் பயமில்லை. ஆனால் மெதுவாகச் சூடேறும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி அளவிலேயே நின்றுவிட்டால் நச்சு குறையாது; பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடக் கூடவும் செய்யலாம்.

ராஜ்மா நமக்குப் புதிய விருந்தாளி. மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் பயிராகி, கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 1492க்குப் பிறகே கடல் தாண்டியது. காய்கறிக் கடையில் வாங்கும் பீன்ஸும் இதே இனம்தான்; ரகம் வேறு, பிஞ்சிலேயே பறித்துவிடுகிறோம். பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு மூன்றும் இந்த மண்ணிலேயே பயிரானவை. கர்நாடகத்தின் சங்கனக்கல்லு போன்ற புதிய கற்கால ஊர்களின் அகழாய்வில் கொள்ளும் பாசிப்பயறும் கரிந்த மணிகளாகக் கிடைத்திருக்கின்றன. புறநானூற்றின் 335ஆம் பாட்டு வரகு, தினை, கொள்ளு, அவரை என்ற நான்கை விட்டால் வேறு உணவே இல்லை என்கிறது. அத்தனை காலம் கூடவே இருந்த பயறுகளின் பக்குவம் நம் கைக்குத் தானாகவே வரும். நேற்று வந்த பயறுக்கு, அது பிறந்த ஊரின் பக்குவத்தைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெயரை நம்பி ஊரைத் தீர்மானிப்பதும் தவறு. மைசூர் பருப்புக்கும் மைசூருக்கும் சம்பந்தமில்லை. மேற்காசியாவில் தோன்றிய பயிர் அது. வடமொழியில் மசூரம், நம் வாயில் மைசூர் ஆகிவிட்டது. வேர்க்கடலையை வடமாவட்டங்களில் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்பார்கள், ஆனால் அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸின் மணிலா அல்ல, தென்னமெரிக்கா. அதுவும் பயறுக் குடும்பம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

அப்புறம், உப்பு. உப்பு போட்டால் பயறு வேகாது என்று எங்கள் வீட்டில் சொல்லித்தான் வளர்ந்தேன். உண்மை நேர்மாறானது. பயறின் தோலில் உள்ள பெக்டின் என்ற பசை போன்ற பொருளைக் கால்சியமும் மெக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கும். ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்பு போட்டால் சோடியம் அவற்றின் இடத்தைப் பிடிக்கும், தோல் இளகும். கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் இதைச் செய்து பாருங்கள், தோல் உரியாமல் பூப்போல வேகும். வேகவிடாமல் தடுப்பது புளியும் தக்காளியும்தான். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது. பருப்பு வெந்த பிறகு புளியை ஊற்று என்று பாட்டிமார் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது.

போர்வெல் தண்ணீரில் பயறு வேகாததற்கும் அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் காரணம். அதற்காக ஆப்பச்சோடாவை அள்ளிப் போடாதீர்கள்: பயறு சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துபோகும், வாயில் சோப்பு வாடை தட்டும். குடிக்கிற நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். அதிலும் வேகவில்லை என்றால் பயறு பழசாகியிருக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த கொண்டைக்கடலை உள்ளுக்குள் இறுகிவிடும். அதற்கு எத்தனை விசில் விட்டாலும் சுண்டல் கடுக்கென்றுதான் இருக்கும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, டப்பாவின் மேல் வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள்.