கார்ப்பெட் வாங்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்

கார்ப்பெட் தேர்ந்தெடுப்பது பற்றி இணையத்தில் தேடினால் வருபவை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்கானவை. அங்கே சுவருக்குச் சுவர் ஒட்டிவிடுவார்கள். நமக்கு டைல்ஸ் தரை, தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், போதாக்குறைக்குச் சென்னைப் புழுக்கம். சுருட்டி எடுத்து வைக்கக்கூடிய விரிப்புதான் நமக்குச் சரி. எங்கள் ஹாலுக்கு ஒன்று தேடியபோது புரிந்துகொண்டதை, வாங்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. அளவு

கடைகளில் தயாராகக் கிடைப்பவை 4×6, 5×8, 6×9, 8×10 அடி. பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்குத் தரையில் பரப்பிப் பாருங்கள். சோபாவின் முன்கால்களாவது விரிப்பின் மேல் நிற்க வேண்டும். டீப்பாய்க்கு அடியில் மட்டும் சின்னதாகப் போட்டால் ஹாலே சிறுத்துத் தெரியும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தயங்கினால் பெரியதை எடுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள் ஒரு சாயப்பொருள். சாம்பார் சிந்தினால் கம்பளியில் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

2. கதவு

விரிப்பின் மேல் ஏதாவது கதவு திறக்குமா? அதன் அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். விரிப்பின் தடிமனோடு அடியில் போடும் பேடின் தடிமனையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

3. இழை

கம்பளி விலை அதிகம், ஆனால் மிதித்து அமுங்கினாலும் மீண்டு எழும். முதல் சில மாதங்கள் பஞ்சு உதிரும், பயப்பட வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை மலிவு, கறை எளிதில் ஏறாது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. ஆனால் ஆட்கள் நடக்கும் இடத்தில் இழை சீக்கிரம் அமுங்கிப் படுத்துவிடும். சணல் பார்க்க அழகு, ஈரம் பட்டால் பழுப்பேறும்.

'பேம்பூ சில்க்', 'ஆர்ட் சில்க்' என்று பளபளப்பாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது விஸ்கோஸ், அதாவது தாவரக் கூழிலிருந்து செய்யும் இழை. தண்ணீர் பட்டால் இழை வலுவிழக்கும், காய்ந்தபின் மஞ்சளாகத் திட்டு விழும். காபி குடிக்கும் ஹாலுக்கு வாங்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் உதிர்ந்த இழை ஒன்றை வாங்கி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். கம்பளியானால், முடி கருகும் வாசனையோடு எரிந்து பொடியும். செயற்கை இழை உருகி, கெட்டியான மணியாகத் திரளும். விஸ்கோஸ் காகிதம்போல எரியும்.

4. பின்பக்கம்

நான் அதிக நேரம் திணறியது இங்கேதான். 'ஹேண்ட்மேட்' என்று எழுதிய இரண்டு விரிப்புகள் ஒரே கடையில் இருந்தன. தொட்டால் ஒரே மாதிரி, விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். ஏன் என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. இரண்டையும் திருப்பிப் போட்டபோதுதான் விளங்கியது.

ஒன்றில் முன்பக்க வடிவம் பின்பக்கமும் அப்படியே தெரிந்தது, சின்னச் சின்ன முடிச்சுகளாக. இது கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி இந்த வேலைக்குப் பேர்போனது. 2010-இல் புவிசார் குறியீடும் பெற்றது. இந்த வகையில் ஓரக் குஞ்சம் பாவு நூலின் (நெசவில் நீளவாக்கில் ஓடும் நூலின்) நீட்சி, தனியாகத் தைத்தது அல்ல.

மற்றதில் பின்னால் ஒரு துணி ஒட்டியிருந்தது. அது டஃப்டட். துணியில் கருவியால் இழைகளைக் குத்திச் செருகி, அவை கழன்று வராமல் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பசை பூசி, மேலே இன்னொரு துணியை ஒட்டிவிடுவார்கள். கருவியைப் பிடிப்பது மனிதக் கை என்பதால் 'ஹேண்ட்மேட்' என்பது பொய்யில்லை. ஆனால் அந்தப் பசை வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாளாக நாளாக இற்றுப்போய்ப் பொடியாக உதிரும். ரப்பர் வாடையும் வரும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். சில ஆண்டுகள் போதும் என்றால் டஃப்டட் வாங்கலாம், தவறில்லை. முடிச்சு விரிப்பின் விலையைக் கொடுத்து வாங்குவதுதான் தவறு.

முடிச்சு வகை வாங்குபவர்கள் குட்வீவ் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் நெய்ததற்கான சான்று அது. குழந்தைத் தொழிலுக்கு எதிராகப் போராடும் கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியில் 1994-இல் ரக்மார்க் என்ற பெயரில் தொடங்கியது. நம் பிள்ளைகள் விளையாடப்போகும் விரிப்பு இன்னொரு பிள்ளையின் விரல்களால் முடிச்சிடப்பட்டதாக இருக்கக் கூடாது.

அப்புறம், எந்த வகையானாலும் முன்பக்கத்தை வெளிப்புறமாக மடக்கிப் பாருங்கள். இழைகள் விலகி அடித்துணி பளிச்சென்று தெரிந்தால் அடர்த்தி போதாது.

5. நிறம்

கடை வெளிச்சத்தை நம்ப வேண்டாம். வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இழை சாய்ந்திருக்கும் திசையைப் பொறுத்து, ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிறியும் எதிர்ப்பக்கம் நின்றால் அடர்ந்தும் தெரியும்.

6. அடியில் போடும் பேட்

டைல்ஸில் பேட் இல்லாமல் விரித்தால் வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் சமரசமே கூடாது. மலிவான பிவிசி பேட் சில தரைகளில் கறை விடும். என் தேர்வு இயற்கை ரப்பரும் ஃபெல்ட்டும் (இழைகளை அமுக்கிச் செய்த தடித்த துணி) சேர்ந்தது. விரிப்பைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் குறைவாக வெட்டுங்கள். தரையைத் துடைத்தபின் நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

பின்சேர்க்கை

ரோபோ வேக்யூம் வைத்திருக்கும் வாசகர்கள் இருவிதச் சிக்கல் சொன்னார்கள். நீளமான குஞ்சம் அதன் பிரஷ்ஷில் சுற்றிக்கொள்கிறது. கன்னங்கரேல் நிறத்தை சில ரோபோக்கள் பள்ளம் என்று எண்ணி ஏற மறுக்கின்றன. அந்த வீடுகளுக்குக் குஞ்சம் இல்லாத, வெளிர் நிறமுள்ள, இழை குட்டையான விரிப்பு.

தரையில் உட்கார்ந்துதான் பேசுவோம், சாப்பிடுவோம் என்று எழுதியவர்களுக்கு: கார்ப்பெட்டை விட்டுவிடுங்கள். பவானி கைத்தறி ஜமக்காளம் வாங்குங்கள். பருத்தி வகையாகப் பார்த்து எடுங்கள். பசை இல்லை, இரண்டு பக்கமும் விரிக்கலாம், அழுக்கானால் அலசி மாடியில் நிழலில் காயப்போடலாம். முதல் அலசலை மட்டும் தனியாகச் செய்யுங்கள், சாயம் கொஞ்சம் போகும்.