‘வைஃப் ஆஃப் எ ஸ்பை’ படத்தைப் பார்க்கும் முறை

கியோஷி குரோசாவா இயக்கி 2020இல் வெளிவந்து, வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான வெள்ளிச் சிங்க விருதைப் பெற்ற இப்படத்தை வழக்கமான உளவுக் கதையாக எண்ணி அமர்ந்தால் அரை மணி நேரத்திலேயே சலிப்புத் தட்டிவிடும். துரத்தல், துப்பாக்கிச் சண்டை எதுவும் இதில் இல்லை. வணிகரான கணவர் யூசாகு உளவாளியா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, மனைவி சாதோகோவுக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் பின்தொடருங்கள்.

அதற்கு முன் காலத்தை அறிந்திருக்க வேண்டும். கதை தொடங்கும் 1940இல் ஜப்பான் ஏற்கெனவே சீனாவுடன் போரில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மனியுடனும் இத்தாலியுடனும் முத்தரப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. ஆடம்பரமே எதிரி என்ற முழக்கம் ஒலித்த அந்நாளில், கோபே துறைமுக நகரத்து வணிகர் வீட்டின் மேற்கத்திய உடையும் வெள்ளைக்கார நண்பரும் ஐயத்துக்குப் போதுமான காரணங்களாக இருந்தன. ஆகவே, சாதோகோவின் பால்ய நண்பனும் இப்போது கெம்பெய்தாய் என்னும் இராணுவக் காவல் பிரிவின் அதிகாரியுமான தைஜி உடையைப் பற்றிக் கனிவாகச் சொல்லும் சொற்களை எச்சரிக்கையாகவே கேட்க வேண்டும்.

ஜப்பானின் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் யூசாகு காண்பது கற்பனையன்று. ஹார்பினுக்கு அருகே பிங்ஃபாங்கில் ஷிரோ இஷியியின் தலைமையில் இயங்கிய, ஜப்பானிய இராணுவத்தின் 731ஆம் பிரிவு, உயிருள்ள மனிதர்மீது பிளேக் உள்ளிட்ட நோய்க்கிருமிகளைச் செலுத்திச் சோதனை நடத்தியது. அந்தச் சான்றுகளை அமெரிக்காவிடம் சேர்த்துவிட்டால் நீதி கிடைக்கும் என்று யூசாகு நம்புகிறார். ஆனால் போருக்குப் பின் அதே அமெரிக்காதான் ஆய்வுத் தரவுகளைப் பெற்றுக்கொண்டு இஷியியை விசாரணையிலிருந்து காப்பாற்றியது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், தேசத்தைவிட மானுட நீதியே பெரிது என்று அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் கசப்பு கூடும்.

படத்தில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது, யூசாகு பொழுதுபோக்காக எடுக்கும் சிறு மௌனப்படம். முகமூடி அணிந்த சாதோகோ அதில் ஒரு பெட்டகத்தைத் திறக்கிறாள். பின்னர் அவள் உண்மையான பெட்டகத்தைத் திறக்கும்போது கையசைவு, தயக்கம், வெளிச்சம் ஆகியவற்றை முந்தைய காட்சியோடு ஒப்பிடுங்கள். நடிப்பு எங்கே முடிகிறது என்பதில் ஐயம் பிறக்கும். படச்சுருள் இருக்கும் இடத்தையும், அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதையும் ஒருபோதும் தவறவிடக் கூடாது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மஞ்சூரியச் சோதனைகளைப் பற்றிய குறிப்பேட்டைச் சாதோகோ தைஜியிடம் ஒப்படைப்பதால் கணவரின் மருமகன் ஃபூமியோ சித்திரவதைக்கு உள்ளாகிறான். கணவரைக் காப்பதற்காகவே செய்ததாக அவள் சொன்னாலும், அதன் பிறகு அவள் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை மன்னிப்பது எனக்கு எளிதாக இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது யூசாகுவைத் தொடருங்கள். அவர் மனைவியை நம்பத் தொடங்கிய கணம் என்று நாம் எண்ணிய இடம் வேறொரு திட்டத்தின் தொடக்கமாகத் தோன்றும்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே தொலைக்காட்சிக்காக 8கே என்னும் மிக நுண்ணிய படத்தரத்தில் உருவான படம் என்பதால் காட்சிகள் சற்றுக் கூர்மையாக இருக்கும். சிறிது நேரத்தில் கண் பழகிவிடும். மொழிமாற்றுக் குரலில் பார்க்காதீர்கள். பழைய ஜப்பானியப் படங்களின் நாயகியரைப் போல, சாதோகோவாக நடித்த யூ அவோய் பேசும் வேகமான, தெளிவான உச்சரிப்பு அதில் காணாமல் போகும். இறுதியில் திரையில் தோன்றும் வரிகளை நிறுத்திப் படியுங்கள். அங்கே குறிப்பிடப்படும் ஆவணம் நம்பத்தக்கதா என்பதை முடிவு செய்த பிறகே யூசாகுவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியும்.