டேபிள் சாவின் வலது விங்கில் ரூட்டர் மேசை: முதல்முறை செய்பவர்களுக்கு

டேபிள் சாவுக்கு (மேசையில் வட்ட ரம்பம் பொருத்திய மரமறுக்கும் இயந்திரம்) ஒரு இடம், ரூட்டர் மேசைக்கு (வேகமாகச் சுழலும் 'பிட்' என்ற வெட்டுமுனையால் மரத்தைச் செதுக்கும் கருவி தொங்கும் மேசை) ஒரு இடம் என்று ஒதுக்கும் அளவுக்குப் பெரிய பட்டறை பலரிடம் இல்லை. சாவின் வலது விங்கை (மேசையின் பக்கவாட்டு நீட்சியை) கழற்றி, அங்கே ரூட்டர் தொங்கும் பலகையை மாட்டினால் இரண்டு வேலையும் ஒரே மேசையில் முடியும். இந்த விளக்கம் தரையில் நிற்கும் வார்ப்பிரும்பு மேசை கொண்ட சாவுக்கு மட்டும். மேசைமேல் தூக்கி வைக்கும் சின்ன சாவில் இதை மாட்டாதீர்கள், ஒரு பக்கம் எடை ஏறிக் கவிழும்.

வேலையைத் தொடங்கும் முன் சாவின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பலகை

18 மி.மீ. பி.டபிள்யூ.பி. (தண்ணீரைத் தாங்கும்) பிளைவுட் (ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது) இரண்டை ஒட்டி 36 மி.மீ. கனமாக்குங்கள். மேலும் கீழும் 1 மி.மீ. மைக்கா. மேலே மட்டும் ஒட்டினால் கீழ்ப்பக்கம் ஈரம் ஏறி, ஒரு மழைக்காலத்திலேயே பலகை வளைந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் செய்ய வேண்டாம். அது பருவத்துக்குப் பருவம் அசையும், பூச்சியும் பிடிக்கும்.

ஒட்டும்போது கீழே என்ன இருக்கிறதோ அந்த வடிவத்தில்தான் பலகை காயும். மேடுபள்ளமான சிமெண்டுத் தரையில் வைத்து ஒட்டினால் அதே மேடுபள்ளம் பலகைக்கு வரும். இந்த விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு வசதி உண்டு. பர்கூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி சுற்றுவட்டார கிரானைட் பட்டறைகளில் பாலிஷ் போட்ட கழிவுத் துண்டு கிடைக்கும். நேர்கோலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவாத துண்டாக வாங்குங்கள். அதன்மேல் பாலிதீன் விரித்து, பிளைவுட்டை ஃபெவிகால் தடவி அடுக்கி, மேலே இன்னொரு கிரானைட் துண்டைப் பாரமாக ஏற்றி 24 மணி நேரம் விடுங்கள்.

அளவைக் கேட்டலாக்கில் பார்க்காதீர்கள். முன் ரெயிலுக்கும் பின் ரெயிலுக்கும் (மரத்துக்கு வழிகாட்டும் தடுப்பான ஃபென்ஸைத் தாங்கும் கம்பிகள்) இடையே உங்கள் சாவில் உள்ள தூரத்தை இரண்டு முனையிலும் அளந்து, சிறிய அளவிலிருந்து 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள்.

தட்டும் துவாரமும்

ரூட்டர் தொங்கும் தட்டுக்கு அலுமினியம்தான் என் தேர்வு. 6 மி.மீ. கனத்துக்குக் குறையக் கூடாது, 8 இருந்தால் நிம்மதி. ரெடிமேட் தட்டுகளில் பரவலாக உள்ள அளவு 9¼ × 11¾ இன்ச், அதாவது சுமார் 235 × 298 மி.மீ. கிடைக்காவிட்டால் ஓசூரில் வி.எம்.சி. (கணினி இயக்கும் உலோக வெட்டு இயந்திரம்) வேலை எடுக்கும் சிறு பட்டறைகளில் வெட்டித் தருவார்கள். ரூட்டரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிக் கையோடு கொடுங்கள். அதையே மாதிரியாக வைத்துத் துளை போட்டால் ஸ்க்ரூ தவறாது. ஸ்க்ரூத் தலைகள் தட்டுக்குள் அமிழ வேண்டும். நான்கு மூலையிலும் கிரப் ஸ்க்ரூவுக்கு (தட்டை ஏற்றி இறக்கி மட்டமாக்கும் தலையில்லாத ஸ்க்ரூ) மரை போடச் சொல்லுங்கள்.

துவாரத்தை வெட்டும் முன் ரூட்டரைக் கீழே பிடித்துப் பாருங்கள். கைப்பிடி ரெயிலில் இடிக்கிறதா? சாவின் பிளேடை 45 டிகிரி சாய்த்தால் மோட்டார் கவர் ரூட்டரைத் தட்டுகிறதா? இதைப் பார்க்காமல் வெட்டினால் பலகையே வீண்.

தட்டைப் பலகைமேல் வைத்து, நான்கு பக்கமும் நேரான பிளைவுட் பட்டைகளை இரட்டை ஒட்டு டேப்பால் ஒட்டுங்கள். தட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும். தட்டை எடுத்துவிட்டு, மேலே பேரிங் உள்ள பிட்டைப் பட்டையை ஒட்டி ஓட்டினால் தட்டின் வடிவத்திலேயே பள்ளம் விழும். ஆழம், தட்டின் கனத்தோடு 1 மி.மீ. கூடுதல். பிறகு ஓரத்தில் 12 மி.மீ. படி விட்டு, நடுப்பகுதியை ஜிக்சாவால் வெட்டி எடுங்கள். மூலை வளைவு பொருந்தாவிட்டால் உளியால் சீராக்கலாம். கிரப் ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் பிளைவுட் நாளடைவில் குழியும், தட்டும் இறங்கும். அந்த நான்கு இடத்திலும் படியில் ஒரு மர ஸ்க்ரூவை மட்டமாக முறுக்கி வையுங்கள், இரும்பின் மேல் இரும்பு உட்காரட்டும்.

மட்டம்

40 × 40 × 5 மி.மீ. இரும்பு ஆங்கிளைப் பலகையின் அடியில் போல்ட் போட்டு, சா மேசையின் பழைய விங் துளைகளில் பூட்டுங்கள். 8 மி.மீ. போல்ட் என்றால் ஆங்கிளில் துளை 11 மி.மீ. ஏற்றி இறக்க அந்த இடம் வேண்டும். வெளி முனையில் கால் கட்டாயம். ரூட்டரின் எடையும் அதிர்வும் சேர்ந்து நாள்பட முனையைத் தாழ்த்திவிடும். காலின் அடியில் உயரம் மாற்றும் போல்ட் வையுங்கள்.

நீண்ட நேர்கோலை வார்ப்பிரும்பிலிருந்து பலகைக்குக் குறுக்கே வைத்து மூன்று இடத்தில் பாருங்கள். பலகை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, உயர்ந்திருக்கவே கூடாது. கோலை விடவும் நம்பகமான சோதனை, ஒரு கட்டையின் கூரான மூலையை மெதுவாகத் தள்ளிப் பார்ப்பது. தட்டின் விளிம்பில் தட்டினால் விரலுக்கே தெரியும்.

மரத்தை எந்தத் திசையில் தள்ளுவது?

சாவில் பழகியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான், விபத்தும் இங்கேதான்.

தலைகீழாகத் தொங்கும் ரூட்டரின் பிட், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். சாவின் ஃபென்ஸைப் பிட்டின் இடப்பக்கம் வைத்தால் மரம் பிட்டின் வலப்பக்கம் போகும். அந்தப் பக்கம் பிட்டின் பற்கள் சாவின் முன்னாலிருந்து பின்னால் ஓடுகின்றன. சாவில் தள்ளுகிற மாதிரி முன்னாலிருந்து தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், கையும் கூடவே இழுபடும். ஆகவே சாவின் முன்னால் நிற்காதீர்கள். வலது முனைக்குப் போய், ஃபென்ஸைப் பார்த்து நின்று, உங்கள் வலக்கையிலிருந்து இடக்கைக்குத் தள்ளுங்கள். சாவின் கணக்கில் பின்னாலிருந்து முன்னால். பலகையில் பெயிண்டால் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் வருகிற பட்டறையில் இது அவசியம்.

ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை ஒருபோதும் செலுத்தாதீர்கள். ஃபென்ஸின் முகத்தில் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைக் கிளாம்ப் செய்து, பிட் பாதி மறையும்படி அரைவட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். அப்போது பிட் ஃபென்ஸின் அலுமினியத்தைத் தொடாது. ரூட்டர் ஓடும்போது சாவின் பிளேடு மேசைக்குக் கீழே இருக்கட்டும், சா ஓடும்போது பிட் கீழே இருக்கட்டும். ரூட்டருக்குக் கைக்கு எட்டும் இடத்தில் தனி ஸ்விட்ச் வையுங்கள், குனிந்து தேடும் நிலை வேண்டாம்.

ஒரே ஓட்டில் 3 மி.மீ.க்கு மேல் ஆழம் எடுக்காதீர்கள். 25 மி.மீ. வரை உள்ள பிட்டுக்கு நிமிடத்துக்கு 22,000 சுற்று சரி. 50 மி.மீ.க்கு மேல் போனால் 12,000க்கு இறக்குங்கள். வேகம் மாற்ற முடியாத ரூட்டரில் பெரிய பிட்டை மாட்டவே கூடாது.

பின்சேர்க்கை: கேட்கப்பட்ட இரண்டு சந்தேகங்கள்

பிட் வேலைக்கு நடுவே மேலே ஏறிவருகிறது என்றால் முதலில் தண்டின் அளவைப் பாருங்கள். 12 மி.மீ. தண்டும் அரை இன்ச் தண்டும் (12.7 மி.மீ.) பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அரை இன்ச் காலட்டில் (ரூட்டரில் பிட்டின் தண்டைக் கவ்வும் பிடி) 12 மி.மீ. பிட் பிடிக்காது. தகரம் சுற்றி இறுக்குவது ஆபத்து, சரியான காலட் வாங்குங்கள். அளவு சரியாக இருந்தும் ஏறினால், தண்டை அடிவரை இறக்கி 3 மி.மீ. மேலே தூக்கிவிட்டு இறுக்குங்கள். அடியில் முட்டி நிற்கும் பிட்டை காலட் முழுதாகக் கவ்வாது.

ரூட்டர் திணறுகிறது, மரம் கருகுகிறது என்றால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சந்தேகியுங்கள். கிராமத்து லைனில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு, நீள ஒயர் இன்னும் குறைக்கும். 2.5 சதுர மி.மீ. கேபிளில், சாவோடு சேராத தனி 16 ஆம்ப் சாக்கெட் போடுங்கள். அதன் பிறகும் கருகினால் பிட் மழுங்கிவிட்டது என்று பொருள்.