உப்பில் ஊற வைத்தும் சாயம் ஏன் இறங்குகிறது?

வெளுத்துப்போன பருத்திப் பெட்ஷீட்டுக்கு வீட்டிலேயே சாயம் போட்டு மறுபடி விரித்துப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஆனால் முதல் தடவை மெரூன் போட்ட பெட்ஷீட், அடுத்த வாரத் துவையலில் கூடக் கிடந்த தலையணை உறை இரண்டையும் ரோஸ் ஆக்கிவிட்டது. கல்லுப்புத் தண்ணீரில் ஊற வை, வினிகர் ஊற்று என்றார்கள். இரண்டும் செய்தேன். சாயம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

உப்பின் வேலை, தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவது. சாயம் போடும் வாளியில்தான் அது தேவை, துவைத்து முடித்த துணியில் அது எதையும் பூட்டி வைக்காது. வினிகர், பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற அமிலச் சாயத்துக்கு உதவும், பருத்திக்கு உதவாது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் என்று கேட்டு வாங்குங்கள். 1956-ல் விற்பனைக்கு வந்த வகை இது, நூலின் மேல் படிந்து நிற்காமல் நூலோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அந்தப் பிணைப்பு நடக்கக் காரம் வேண்டும், அதற்குத்தான் சலவைச் சோடா.

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். சோடா என்று கேட்டால் மளிகைக் கடையில் ஆப்ப சோடாவை எடுத்துக் கொடுப்பார்கள், அதன் காரம் இந்த வேலைக்குப் போதாது. காஸ்டிக் சோடாவோ கையைப் புண்ணாக்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம். ஒரு கிலோ காய்ந்த துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ உப்பு, 200 முதல் 400 கிராம் சலவைச் சோடா என்பது நல்ல கணக்கு. சோடாவை முதலிலேயே கொட்டினால் சாயம் நூலுக்குள் போகும் முன்பே தண்ணீரோடு சேர்ந்து வீணாகும், திட்டுத் திட்டாகவும் பிடிக்கும். உப்பும் சாயமும் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் துணியைப் புரட்டியபின், தனியாகக் கரைத்து வைத்த சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். இது கோல்டு (cold) பிராண்டுக்கு, அதாவது சூடாக்காத தண்ணீரிலேயே பிடிக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கு. ஹாட் (hot) பிராண்டு என்றால் தண்ணீர் கொதிக்காமல், 80 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் இருக்க வேண்டும், வாங்கும்போதே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலசல். எவ்வளவு சரியாகச் செய்தாலும் கொஞ்சம் சாயம் பிணையாமல் துணியிலேயே தங்கும், பின்னால் இறங்குவது அதுதான். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி உப்பையும் சோடாவையும் முதலில் வெளியேற்றுங்கள், உப்பு இருக்கிறவரை மிச்சச் சாயம் துணியை விடாது. பிறகு கொதிக்கிற தண்ணீரைத் துணி மூழ்க ஊற்றி மூடி வையுங்கள். பச்சைத் தண்ணீரில் தெளிவாக வந்த துணி, வெந்நீரில் பத்து நிமிடத்தில் பீட்ரூட் வேக வைத்த மாதிரி ஒரு நிறத்தை விடும். பார்த்ததும் பயந்து நிறுத்திவிடாதீர்கள், வெளியே வர வேண்டியதுதான் வருகிறது. தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கடைசியில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து சாயம் போட்ட துணிமேல் அழுத்தித் தேயுங்கள், கறை பிடித்தால் இன்னொரு தடவை வெந்நீர்.

பாலியெஸ்டரில் இந்தச் சாயம் பிடிக்காது. திரைச்சீலை நல்ல நீலமாக வந்து, ஓரத் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால், தைத்த நூல் பாலியெஸ்டர் என்று அர்த்தம். கஞ்சி போகாத புதுத்துணியிலும் சாயம் சமமாக ஏறாது, முதலில் சோப்பு போட்டு வெந்நீரில் துவைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும், பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வரோ எடுங்கள், அதில் மறுபடி சமைக்காதீர்கள். சாயப் பொடியைக் கரைக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு இழுப்பே வந்துவிடும்.

இதையும் மீறி இன்னொரு துணியில் சாயம் ஒட்டிவிட்டால் காய விடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே தனியாகப் பிரித்து, துணி தாங்குகிற சூட்டில் சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள். என் தலையணை உறைகளை நான் கொடியில் காயப் போட்ட பிறகுதான் கவனித்தேன், அந்த ரோஸ் இன்னும் போகவில்லை.