உட்கார்ந்து பாடுபவருக்கு மைக் ஸ்டாண்ட்: பார்த்து வாங்குவதும் சாயாமல் நிறுத்துவதும்

கடையில் மைக் ஸ்டாண்ட் கேட்டால் எவ்வளவு உயரம் போகும் என்றுதான் முதலில் சொல்வார்கள். நம் பக்கத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு கீழே இறங்கும் என்பதை. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் வட்டாரத்தில் ஒரு வருஷத்தில் எதற்கெல்லாம் மைக் எடுக்கிறோம்? மார்கழி பஜனை, கோயிலில் தேவாரம், உபன்யாசம், வீணை, நாகஸ்வரம். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்னம் பாடுகிறவர்களும் தரையில்தான் உட்காருகிறார்கள். நின்று பேசுவது பட்டிமன்றத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும்தான். எங்கள் ஊர் பஜனை மடத்து மைக் செட்டை நான் கவனித்துக்கொள்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபயர், வயர் இணைப்பெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உயரத்தை அளந்துவிடுங்கள்

டேப்பை எடுத்துக்கொண்டு, பாடுகிறவரைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குத் தரையிலிருந்து வாய் ஏறக்குறைய 65 முதல் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாதாரண முக்காலி ஸ்டாண்டின் கம்பமோ முழுக்க இறக்கினாலும் 90 செ.மீ. அளவில் நின்றுவிடும். ஆகவே குறுக்கே நீளும் கை, அதாவது பூம், இல்லாத ஸ்டாண்ட் நமக்கு உதவாது. பூம் இருந்தால் அதைக் கீழ்நோக்கிச் சாய்த்து மைக்கை வாய்க்குக் கொண்டுவரலாம். அப்போது கம்பத்தைப் பாடுகிறவருக்கு நேர் எதிரே வைக்காதீர்கள், முகம் மறைந்துவிடும். பக்கவாட்டில் வைத்துப் பூமை நீட்டுங்கள்.

ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால் பூம் உள்ள முழு உயர முக்காலி. இரண்டு வாங்க முடிந்தால் இரண்டாவது, 45 செ.மீ. வரை இறங்கும் குட்டை ஸ்டாண்ட். வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் அதற்கு ஈடே இல்லை. (நாகஸ்வரத்துக்கு மைக்கை அணசுக்குள், அதாவது விரிந்த கீழ்வாய்க்குள், திணிக்க வேண்டாம். விரல் துளைகளிலிருந்தும் நாதம் வருகிறது. கொஞ்சம் தள்ளி, சற்று மேலே வைத்தால்தான் நரசிங்கம்பேட்டைக் குழலின் இனிமை முழுசாகக் கேட்கும்.) வளைந்து கொடுக்கும் கூஸ்நெக் கழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கனமான மைக்கை மாட்டினால் நாளடைவில் தலை குனிந்துகொண்டே போகும்.

படி 2: அடி

வட்ட இரும்பு அடியா, மூன்று காலா? சமதளமான சிமெண்ட் மேடையில் வட்ட அடி அருமை. இடமும் அடைக்காது, புடவைத் தலைப்பும் மாட்டாது. கோயில் மண்டபத்தின் கருங்கல் தளம் அப்படி இல்லை. கல்லும் கல்லும் சேரும் இடத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும், அங்கே வட்ட அடி ஆடும். மூன்று கால் எந்தத் தளத்திலும் மூன்று புள்ளியில் உட்கார்ந்துவிடும், ஆடவே ஆடாது. நான் எப்போதும் முக்காலி பக்கம்தான்.

படி 3: மூட்டு

ஸ்டாண்டின் உயிர், கம்பமும் பூமும் சேரும் இடத்தில் இருக்கிறது. அது பிளாஸ்டிக்காக இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், வார்ப்பு உலோகமே வேண்டும். கடைக்கு உங்கள் மைக்கையே எடுத்துப் போங்கள். பூமை முழு நீளத்துக்கு இழுத்து, தரைக்குப் படுக்கையாக நிறுத்தி, கைப்பிடியை இறுக்கி, மைக்கை மாட்டிவிட்டுக் கடைக்காரரோடு பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். நுனி இறங்கியிருந்தால் அந்த ஸ்டாண்ட் வேண்டாம். ஷூர் எஸ்எம்58 போன்ற மைக் 300 கிராம்தான். அதைத் தாங்காதது எதைத் தாங்கும்?

படி 4: மரை

என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டாண்ட் நுனியில் உள்ள திருகு இரண்டு அளவில் வருகிறது. ஒன்று 5/8 அங்குலம், கிட்டத்தட்ட 16 மி.மீ. தடிப்பு. மற்றது 3/8 அங்குலம், 9.5 மி.மீ. நம் கடைகளில் இரண்டும் கலந்து கிடைக்கின்றன. மைக்கைப் பிடிக்கும் கிளிப்பின் துளை பெரும்பாலும் பெரிய அளவு. சின்னத் திருகுக்கு மாட்டுவதற்காக, உள்ளும் வெளியும் மரை போட்ட ஒரு சின்ன உலோக வளையத்தை அதற்குள் திருகியிருப்பார்கள்.

கிளிப் ஏறவில்லை என்றால் முதலில் அதைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே பளபளவென்று ஒரு வளையமும் அதன் முகத்தில் குறுக்காக ஒரு வெட்டும் தெரிகிறதா? ஒரு நாணயத்தை அந்த வெட்டில் வைத்து இடப்பக்கம் திருப்பினால் வளையம் வெளியே வந்துவிடும், தடித்த திருகில் கிளிப் ஏறும். மெல்லிய திருகு என்றால் வளையம் உள்ளேயே இருக்க வேண்டும், விளிம்புக்கு வெளியே துருத்தாமல். சில சமயம் கிளிப்பைக் கழற்றும்போது வளையம் ஸ்டாண்டோடு தங்கிவிடும். அடுத்த கிளிப் ஏறாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஏற்றும் முறையும் முக்கியம். தடித்த திருகில் அங்குலத்துக்கு 27 மரை, மெல்லியதில் 16. தடித்ததில் மரை அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கிளிப் கோணலாக ஏறிக் கடித்துக்கொள்ளும். முதலில் கிளிப்பை எதிர்த்திசையில், இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று மெல்ல இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம் சுற்றினால் விரல் நுனிப் பலத்திலேயே போகும். இடுக்கி தேவைப்பட்டால் மரை தப்பிவிட்டது என்று அர்த்தம். கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

படி 5: நிறுத்துவது

மூன்று கால்களில் ஒன்று, பூம் நீளும் திசைக்கு நேர் கீழே இருக்கட்டும். பூம் இரண்டு கால்களுக்கு நடுவே நீண்டால், யாராவது வயரை லேசாக இழுத்தாலே சாய்ந்துவிடும். அப்புறம், மூட்டின் கைப்பிடி உங்களைப் பார்த்தபடி இருக்கும்போது பூம் வலப்பக்கம் நீளட்டும். பெரும்பாலான ஸ்டாண்டுகளில் மைக்கின் கனம் பூமை இறக்கப் பார்க்கும்போது அந்தத் திருகு இன்னும் இறுகும். இடப்பக்கம் நீட்டினால் தளரும்.

உயரத்தை மாற்றும்போது கம்பத்தின் பிடியை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் ஏற்றி இறக்க வேண்டும். கம்பத்தில் எண்ணெய் மட்டும் போடாதீர்கள். பிடி உராய்வில்தான் நிற்கிறது, எண்ணெய் பட்டால் வழுக்கும். உயரம் சரியானதும் அந்த இடத்தில் கலர் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. பாடுகிறவருக்கு ஒரு நிறம், உபன்யாசகருக்கு ஒரு நிறம் என்று வைத்தால் மறுநாள் வேலை மிச்சம்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதையும் சேர்த்துவிடுகிறேன். கால் நுனி ரப்பர் தொலைந்துவிட்டால் ஹார்டுவேர் கடையில் நாற்காலிக்கால் புஷ் கேளுங்கள். கால் குழாயின் வெளி அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. அங்கே குரோம் பூசியதைவிடக் கறுப்புப் பவுடர் பூச்சுள்ளது தாங்குகிறது. மார்கழிப் பனியில் நனைந்தால் அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மடக்குங்கள். காற்று வீசும் திறந்த மேடை என்றால் ஒரு பையில் மணலைக் கட்டிக் கால்கள் பிரியும் இடத்தில் மாட்டினால் போதும்.

அதே ஸ்டாண்டில் செல்போனை மாட்டிப் பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தார்கள். செய்யலாம். செல்போன் பிடிகளின் துளை பெரும்பாலும் கேமரா அளவு, 1/4 அங்குலம். உங்கள் ஸ்டாண்டின் திருகு எந்த அளவோ அதிலிருந்து 1/4-க்கு மாற்றும் அடாப்டர் தனியாகக் கிடைக்கும். கடைக்குப் போகும்போது செல்போன் பிடியையும் கையோடு கொண்டுபோங்கள், மாட்டிப் பார்த்தே வாங்கலாம்.